பச்சை ஏரி, ஊதா இலை: சேலம் வட்டாரத்தில் மணிச்சத்துக் கோளாறுகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

ஒரே வாரத்தில் இரண்டு பேர் என் ஆய்வகத்துக்கு வந்தார்கள். கன்னங்குறிச்சிக்கு அப்பால் ஒரு சிற்றேரிக் கரையில் குடியிருக்கும் அம்மா ஒருவர், மருதாணியை அரைத்துக் கரைத்தது போன்ற நீரை ஊறுகாய்ப் புட்டியில் கொண்டுவந்தார். தலைவாசல் பக்கத்து மக்காச்சோள விவசாயி ஒருவர், விளிம்பில் ஊதா ஏறிய இலைகளைச் செய்தித்தாளில் மடித்து எடுத்து வந்தார். அம்மாவுக்குத் தண்ணீரைப் பற்றிக் கவலை; விவசாயிக்குப் பயிரைப் பற்றி. இரண்டு கவலைக்கும் காரணம் ஒரே தனிமம்தான். விவசாயத்தில் மணிச்சத்து என்கிறோம், வேதியியலில் பாஸ்பரஸ். ஓரிடத்தில் மிஞ்சியிருந்தது, மற்றோரிடத்தில் பயிருக்கு எட்டவில்லை.

அறிகுறிகளுக்குப் போகுமுன் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், காற்றில் கலந்து போய்விடும். அதற்கு அப்படியொரு வாசல் இருக்கிறது. மணிச்சத்துக்கு அந்த வாசல் இல்லை. மண்ணிலும் நீரிலும் இருக்கும் வடிவில் அது எரியாது, ஆவியாகாது, எந்த நுண்ணுயிரும் அதைத் தின்று தீர்க்க முடியாது. மண்ணிலிருந்து நீருக்கு, நீரிலிருந்து பாசிக்கு, பாசியிலிருந்து சேற்றுக்கு என்று இடம் மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே யாராவது ஒரு மருந்தையோ இயந்திரத்தையோ காட்டி "பாஸ்பரஸை நீக்கிவிடும்" என்றால், "நீக்கி எங்கே வைக்கும்?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் பணம் கொடுக்க வேண்டாம். இந்த வழிமுறை முழுவதும் அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் போகிறது.

அளவு புரிவதற்கு ஒரு கணக்கு. 50 கிலோ டி.ஏ.பி. (டை-அம்மோனியம் பாஸ்பேட்) உர மூட்டையில் தூய பாஸ்பரஸ் ஏறக்குறைய 10 கிலோ. ஓர் ஏரியின் நீரில் லிட்டருக்கு 0.035 மில்லிகிராம் மொத்த பாஸ்பரஸைத் தாண்டினால் அது ஊட்டம் மிகுந்த, பாசி பிடிக்கும் ஏரி என்று வகைப்படுத்துவார்கள். பத்து ஏக்கர் பரப்பும் சராசரி இரண்டு மீட்டர் ஆழமும் உள்ள ஏரியில் சுமார் 8 கோடி லிட்டர் நீர் நிற்கும். அந்த எல்லையைத் தொட 2.8 கிலோ பாஸ்பரஸ் போதும். மூட்டையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஒரு கிராம் பாஸ்பரஸ் நூறு கிராமுக்கு மேல் உலர்ந்த பாசியை வளர்க்கும் என்பதால்தான் இவ்வளவு சிறிய அளவு இவ்வளவு பெரிய வேலையைச் செய்கிறது.

அறிகுறி: இரண்டு ஆய்வக அறிக்கைகள் இரண்டு எண் சொல்கின்றன

எந்த அறிக்கையையும் நம்பிச் செலவு செய்யுமுன் இதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். என்னிடம் வரும் குழப்பங்களில் பெரும்பங்கு இதுதான்.

முதலில் அலகைப் பாருங்கள். ஒருவர் பாஸ்பேட்டாக எழுதியிருப்பார், மற்றவர் பாஸ்பரஸாக. பாஸ்பேட் எண்ணை 3.07-ஆல் வகுத்தால் பாஸ்பரஸ் வரும். உர மூட்டையில் அச்சிட்டிருப்பது மூன்றாவது கணக்கு, பாஸ்பரஸ் பென்டாக்சைடு, அதை 0.436-ஆல் பெருக்க வேண்டும். அடுத்து, கரைந்த பாஸ்பேட்டை மட்டும் அளந்தார்களா, மாதிரியை அமிலத்தில் செரிக்கவைத்து மொத்த பாஸ்பரஸை அளந்தார்களா என்று கேளுங்கள். பச்சை ஏரியில் கரைந்த பாஸ்பேட் கிட்டத்தட்டப் பூஜ்யமாக இருக்கும், ஏனென்றால் அத்தனையும் பாசியின் உடலுக்குள் போய்விட்டது. "பாஸ்பேட் இல்லை, ஏரி நன்றாக இருக்கிறது" என்று முடிவு கட்டிய அறிக்கையை நானே கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். ஏரிக்கு மொத்த பாஸ்பரஸைத்தான் கேட்க வேண்டும்.

மாதிரி எடுக்கும் புட்டியைச் சோப்புத் தூள் போட்டுக் கழுவாதீர்கள். சில தூள்களிலேயே பாஸ்பேட் உண்டு. ஏரி நீராலேயே மூன்று முறை அலசி, கரையோரப் படலத்தைத் தவிர்த்து, முழங்கை ஆழத்தில் நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.

அறிகுறி: ஏரி பச்சையாகிவிட்டது

பச்சை எல்லாம் ஒன்றல்ல. ஒரு குச்சியை நீரில் விட்டுத் தூக்குங்கள். நூல் நூலாகத் தொங்கினால் அது இழைப்பாசி, அருவருப்பைத் தவிரப் பெரிய ஆபத்தில்லை. குச்சியில் பெயின்ட் போலப் பூசிக்கொண்டால் நீலப்பச்சைப்பாசியாக இருக்கலாம். உறுதிப்படுத்த, கண்ணாடிப் புட்டியில் முக்கால் அளவு நிரப்பி இரவு முழுவதும் அசைக்காமல் வையுங்கள். காலையில் பச்சை முழுவதும் மேலே வளையம் கட்டி நின்றால் சந்தேகம் பலப்படுகிறது. அந்த அம்மாவின் புட்டி அப்படித்தான் நின்றது.

அப்படி நின்றால் அன்றைக்கே செய்ய வேண்டியவை உண்டு. ஆடு மாடுகளை அந்த நீரில் விடாதீர்கள். குழந்தைகள் இறங்கக் கூடாது. நீலப்பச்சைப்பாசிகளில் சில, கல்லீரலைத் தாக்கும் நஞ்சைச் சுரக்கும். கொதிக்கவைத்தால் அந்த நஞ்சு அழியாது. மயில்துத்தம் (செம்பு சல்பேட்) தூவிக் கொல்லலாம் என்று அக்கம்பக்கத்தார் சொல்வார்கள். தூவினால் பாசியின் உடல் வெடித்து, உள்ளே இருந்த நஞ்சு ஒரே நாளில் நீரில் கலக்கும்; பாஸ்பரஸும் திரும்ப நீருக்கே வரும்; அடுத்த பாசி அதை உண்டு எழும். செம்பு மட்டும் சேற்றில் நிரந்தரமாகத் தங்கிவிடும்.

விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தால், பாசி இரவில் ஆக்சிஜனை உறிஞ்சிவிட்டது என்று பொருள். அதற்கு விஷம் கலந்ததாகப் புகார் எழுதுவதற்கு முன், காலை ஐந்து மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் ஆக்சிஜனை அளந்து பாருங்கள். காலையில் பாதாளத்திலும் மாலையில் உச்சத்திலும் இருந்தால் காரணம் பாசிதான்.

அடுத்தது மூலத்தைக் கண்டுபிடிப்பது. மிகுந்த பொறுமையைக் கேட்கும் கட்டம் இது. பணம் அதிகம் வேண்டாம். வரத்து வாய்க்கால் ஒவ்வொன்றிலும் மூன்று வெவ்வேறு காலங்களில் மாதிரி எடுக்க வேண்டும்: மழையே இல்லாத பங்குனியில் ஒரு முறை, முதல் கனமழை கொட்டி வாய்க்கால் கலங்கி ஓடும்போது ஒரு முறை, மழை ஓய்ந்து நீர் தெளிந்த பிறகு ஒரு முறை. மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

வறண்ட காலத்தில்கூட ஒரு வாய்க்கால் சொட்டிக்கொண்டிருந்து, அதில் பாஸ்பரஸ் லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் இருந்தால், அது சாக்கடை. ஒரு மனிதர் நாளொன்றுக்கு 1 முதல் 1.5 கிராம் பாஸ்பரஸைக் கழிக்கிறார். அதில் பெரும்பகுதி சிறுநீரில். நூறு பேர் வாழும் ஒரு தெருவின் கழிவு மூன்று நான்கு வாரத்தில் மேலே சொன்ன 2.8 கிலோவைச் சேர்த்துவிடும். செப்டிக் டேங்க் இருக்கிறதே என்பார்கள். செப்டிக் டேங்க் திடக்கழிவைத்தான் பிடிக்கும், கரைந்த பாஸ்பேட் தெளிநீரோடு வெளியே போய்விடும். அந்தத் தெளிநீர் வாய்க்காலில் விழாமல், ஆழமான மண்ணில் இறங்கினால் பெரும்பகுதியை மண் பிடித்துக்கொள்ளும்.

கலங்கிய வெள்ளத்தில் மட்டும் எண் ஏறினால், வருவது மேல்மண். மேல்மண்ணில் கிலோவுக்கு சில நூறு மில்லிகிராம் பாஸ்பரஸ் இருப்பது இயல்பு. ஆறு டன் மண் ஏரியில் இறங்கினால் உத்தேசமாக மூன்று கிலோ. எல்லாம் உடனே கரையாது என்பதுதான் நமக்குக் கிடைக்கும் சிறு அவகாசம். அது பற்றிக் கடைசி அறிகுறியில் எழுதுகிறேன்.

மூன்று காலத்திலும் வரத்து சுத்தமாக இருந்து ஏரி மட்டும் பச்சையாக இருந்தால், அடுத்த அறிகுறிக்குப் போங்கள்.

நடுவில் ஒரு வாதம் எப்போதும் வரும்: "தழைச்சத்தும்தானே சாக்கடையில் இருக்கிறது, பாஸ்பரஸை மட்டும் ஏன் துரத்துகிறீர்கள்?" 1973-இல் கனடாவில் டேவிட் ஷிண்ட்லரின் குழு ஓர் ஏரியைத் திரை கட்டி இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதியில் கார்பனும் தழைச்சத்தும் இட்டார்கள். மறு பாதியில் அவற்றோடு பாஸ்பரஸும் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் விழுந்த பாதி மட்டும் பச்சையாயிற்று. நீலப்பச்சைப்பாசிகள் பலவற்றால் காற்றிலிருந்தே தழைச்சத்தைப் பிடித்துக்கொள்ள முடியும். பாஸ்பரஸைக் காற்றிலிருந்து பிடிக்க எதனாலும் முடியாது. நம் கைக்கு எட்டும் கடிவாளம் அதுதான்.

அறிகுறி: சாக்கடையை அடைத்தாயிற்று, ஆனாலும் கோடையில் ஏரி பச்சையாகிறது

மனம் உடைந்துபோகும் இடம் இது. ஊரே கூடி வாய்க்காலைத் திருப்பியிருப்பார்கள். அடுத்த சித்திரையில் மறுபடி பாசி. வேலை வீண் என்று நினைக்க வேண்டாம். பழைய பாக்கி சேற்றில் இருக்கிறது.

சேற்றில் பாஸ்பரஸ் இரும்போடு ஒட்டிக்கொண்டிருக்கும். சேற்றின் மேல் ஆக்சிஜன் இருக்கும்வரை அந்தப் பிடி உறுதி. கோடையில் அடிநீரில் ஆக்சிஜன் தீர்ந்ததும் இரும்பு வேறு வடிவத்துக்கு மாறிக் கரைகிறது, பிடித்திருந்த பாஸ்பரஸை விட்டுவிடுகிறது. 1940-களின் தொடக்கத்திலேயே இங்கிலாந்தின் ஏரிகளில் மார்ட்டிமர் என்பவர் இதை விளக்கினார். சாக்கடை பட்ட ஏரிகளில் இன்னொரு சிக்கலும் உண்டு: அழுகும் சேற்றிலிருந்து வரும் கந்தகம் இரும்பைப் பிடித்துக் கருப்பாக்கிவிடும். பிறகு பாஸ்பரஸைப் பிடிக்க இரும்பே மிஞ்சாது.

சோதிப்பது எளிது. பரிசலில் போய், நீளக் கயிற்றில் கனமான புட்டியைக் கட்டி, அடியிலிருந்து நீர் எடுங்கள். அழுகிய முட்டை நாற்றமும், மேல்நீரைப்போலப் பல மடங்கு பாஸ்பரஸும் இருந்தால் குற்றவாளி சேறுதான்.

நம் ஊர் ஏரிகளுக்கு ஒரு வரம் உண்டு. குளிர்நாட்டு ஏரிகளைப்போல இவை என்றும் நிறைந்தே இருப்பதில்லை. பல ஏரிகள் கோடையில் வற்றிக் கிடக்கும். நீர் வற்றியபோது வண்டலை அள்ளி வயலுக்குக் கொண்டுபோவது நம் முன்னோர் ஆண்டுதோறும் செய்த வேலை. அவர்கள் அதை உரம் என்று நினைத்துச் செய்தார்கள். பாஸ்பரஸை ஏரியிலிருந்து வெளியேற்றி, தேவைப்படும் இடத்தில் வைக்கும் முறைகளில் இதைவிடச் சிறந்தது எனக்குத் தெரியவில்லை. வட்டாட்சியர் அலுவலகத்தில் அனுமதி பெற்று எடுங்கள். மேலே உள்ள கருஞ்சேற்றை எடுத்தால் போதும். அடியில் இருக்கும் களிப்படுகையைக் கிழித்தால் ஏரி நீர் பிடிக்காது. நகருக்குள் இருக்கும் ஏரியென்றால் வயலில் கொட்டுமுன் குரோமியம், ஈயம், காட்மியம் மூன்றையும் சோதித்துவிடுங்கள். சாயப்பட்டறைகளும் முலாம் பூசும் பட்டறைகளும் இருந்த ஊர் இது.

வற்றாத ஏரியில் படிகாரம் ஒரு வழி. படிகாரத்தின் அலுமினியம், இரும்பைப்போல ஆக்சிஜன் போனதும் கைவிடாது. சவரக் கடையில் இருக்கும் கட்டிப் படிகாரம் வேறு, குடிநீர் நிலையங்களில் பயன்படும் அலுமினியம் சல்பேட் வேறு. இதற்கு இரண்டாவதுதான் வேண்டும். இங்கேதான் மலையும் சமவெளியும் பிரிகின்றன. சமவெளியில் நீர் கடினமானது, காரத்தன்மை தாராளமாக இருப்பதால் படிகாரத்தின் அமிலத்தைத் தாங்கும். ஏற்காடு போன்ற இடத்தில் மழைநீர் நேராகச் சேரும் குளங்களின் நீர் மென்மையானது. அதில் அதே அளவைக் கொட்டினால் பி.எச். (அமில-கார அளவு) சட்டென்று விழுந்து, கரைந்த அலுமினியம் மீன்களின் செவுளைப் பொசுக்கிவிடும். பாசி உச்சத்தில் இருக்கும் நண்பகலில் பி.எச். ஒன்பதைத் தாண்டும், அப்போதும் அலுமினியம் கரைந்தே நிற்கும், பிடிக்காது. எனவே முதலில் வாளியில் சோதனை, பிறகு பாசி இல்லாத பருவத்தில், நீர்வேதியியல் தெரிந்தவர் மேற்பார்வையில் மட்டும் செய்ய வேண்டும். லாந்தனம் என்ற உலோகம் கலந்த களிமண்ணும் இதே வேலையைச் செய்யும். விலை அதிகம்.

நுண்ணுயிர்க் கரைசல் தெளிப்பதைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். நாற்றம் சில நாள் அடங்கலாம். பாஸ்பரஸ் எங்கே போயிற்று என்ற கேள்விக்கு அதனிடம் பதில் இல்லை.

அறிகுறி: ஆகாயத்தாமரையை அள்ள அள்ள வருகிறது

அள்ளியதைக் கரையிலேயே குவித்தீர்களா என்று பாருங்கள். அழுகி, அடுத்த மழையில் அத்தனையும் ஏரிக்கே திரும்பும். ஈரச் செடியில் 90 விழுக்காட்டுக்கு மேல் தண்ணீர்தான். ஒரு டன் அள்ளினால் கால் கிலோ அளவு பாஸ்பரஸ் வெளியேறும், அவ்வளவுதான். மேலே சொன்ன பத்து ஏக்கர் ஏரியின் 2.8 கிலோவை எடுக்கப் பன்னிரண்டு டன் அள்ள வேண்டும். கரையைத் தாண்டி வண்டியில் ஏற்றி, மண்புழு உரத்துக்கோ மூடாக்குக்கோ கொண்டுபோனால் அது உண்மையான நீக்கம். ஆனால் சாக்கடை உள்ளே வந்துகொண்டிருக்கும்வரை அள்ளுவதால் கணக்கு தீராது.

அறிகுறி: சுத்திகரிப்பு நிலைய அறிக்கை சரியாக இருக்கிறது, நீர் விழும் ஓடை பச்சையாக இருக்கிறது

இந்தியாவின் பொதுத் தரநிலைப்படி உள்நாட்டு நீர்நிலைகளில் விடும் நீரில் கரைந்த பாஸ்பேட், பாஸ்பரஸ் கணக்கில், லிட்டருக்கு 5 மில்லிகிராம்வரை இருக்கலாம். ஏரி தாங்கும் அளவோ 0.035. நூறு மடங்குக்கு மேல் வேறுபாடு. நீர் பெரிய ஆற்றில் கலந்து நீர்த்துப்போனால் ஒரு விதம். சேர்வராயன் மலையில் பிறந்து நகருக்குள் ஓடும் திருமணிமுத்தாறு போன்ற ஆற்றில், ஆண்டின் பல மாதங்கள் நீர்க்க வைக்கத் தண்ணீரே கிடையாது. விட்ட நீர்தான் ஆறு. ஆகவே சட்டப்படி தேர்ச்சி பெற்றாலும் நீர்நிலைக்குத் தேர்ச்சி இல்லை. நிலைய நிர்வாகி கவலைப்படுபவராக இருந்தால் 1 மில்லிகிராமை இலக்காக வைக்கலாம்.

படிகாரம் போட்டும் குறையவில்லையா? கணக்கைச் சரிபாருங்கள். ஒரு லட்சம் லிட்டர் நீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராமை 1 ஆகக் குறைக்க, நடைமுறையில் ஏழு முதல் எட்டுக் கிலோ அலுமினியம் சல்பேட் ஆகும். அளவு சரியென்றால், போடும் இடத்தைப் பாருங்கள். சில நொடிகள் வேகமாகக் கலக்க வேண்டும், பிறகு மெதுவாக. தொட்டியின் ஓரத்தில் ஊற்றினால் ஓரத்திலேயே வீணாகிறது. பி.எச். 6-க்கும் 7-க்கும் இடையில் இருக்கிறதா? இதுவும் சரியென்றால் வெளியேறும் நீரை வடிகட்டி மறுபடி அளந்து பாருங்கள். வடிகட்டியதில் குறைவாகவும் வடிகட்டாததில் அதிகமாகவும் இருந்தால் மருந்து வேலை செய்துவிட்டது. படிந்த கசடுதான் தெளிதொட்டியின் விளிம்பைத் தாண்டிப் போகிறது. இன்னும் மருந்து ஊற்றுவதில் பயனில்லை, தொட்டியைக் கவனியுங்கள்.

உயிரியல் முறையில் நீக்கும் நிலையங்களில், ஆக்சிஜன் இல்லாத அறையிலும் பிறகு ஆக்சிஜன் உள்ள அறையிலும் மாறி மாறி வைத்து, பாஸ்பரஸைத் தேவைக்கு மேல் உடலில் சேர்க்கும் பாக்டீரியாக்களை வளர்ப்பார்கள். திடீரென்று எண் ஏறினால் முதல் அறைக்குள் காற்றோ நைட்ரேட்டோ நுழைகிறதா என்று பாருங்கள். அடுத்து, கசடு தெளிதொட்டியில் நெடுநேரம் கிடக்கிறதா என்று பாருங்கள். மூச்சுத் திணறிய பாக்டீரியா சேர்த்ததையெல்லாம் கக்கிவிடும். கசடைப் பிழிந்த நீர் மறுபடி தொடக்கத்துக்கே வந்தால், நீங்கள் ஒரே பாஸ்பரஸைச் சுற்றிச் சுற்றிச் சுத்திகரித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அறிகுறி: சாண எரிவாயுக் கலனின் வெளிக்குழாயில் வெள்ளைக் கல் அடைக்கிறது

கோழி எச்சமோ சாணமோ, அவற்றோடு மரவள்ளித் திப்பியோ போடும் கலன்களில் இது வரும். வளைவுகளில், நீர் துள்ளி விழும் இடங்களில் பளிங்கு போலப் படியும். பெயர் ஸ்ட்ருவைட்: மக்னீசியம், அம்மோனியம், பாஸ்பேட் மூன்றும் சேர்ந்த உப்பு. பி.எச். எட்டைத் தாண்டும்போது படிகிறது. சுண்ணாம்புப் படிவா, ஸ்ட்ருவைட்டா என்று அறிய ஒரு துண்டில் வினிகர் விடுங்கள். நுரைத்துக் குமிழிட்டால் சுண்ணாம்பு; நுரையில்லாமல் மெல்லக் கரைந்தால் ஸ்ட்ருவைட்டாக இருக்கலாம். அடைப்பை எடுக்கச் சிட்ரிக் அமிலக் கரைசல் போதும். சுத்தியலால் தட்டினால் குழாய்தான் உடையும்.

மேக்னசைட் ஜங்ஷன் என்று ரயில் நிலையத்துக்கே பெயர் வைத்த ஊரில் இருக்கிறோம். மக்னீசியத் தாதுவான மேக்னசைட் பாறை நிறைந்த பகுதிகளின் கிணற்று நீரில் மக்னீசியம் அதிகம் கரைந்திருப்பது இயல்பு. கலனில் அந்த நீரைக் கலந்தால் படிவு விரைவாகும். எனக்கு இதில் ஒரு பெரிய நம்பிக்கை உண்டு. ஸ்ட்ருவைட்டில் 12 விழுக்காட்டுக்கு மேல் பாஸ்பரஸ் இருக்கிறது. மெதுவாகக் கரையும் நல்ல உரம். அது குழாயில் தானாகப் படிந்து தொல்லை தருவதற்கு முன், ஒரு தனித் தொட்டியில், மேக்னசைட்டைச் சுட்டெடுத்த மக்னீசியாத் தூளைச் சேர்த்து நாமே படியவைக்கலாம். மக்னீசியத்துக்கு வெளியூர் போக வேண்டியதில்லை. "எங்கே வைக்கும்?" என்ற கேள்விக்குச் சேலம் தன் மண்ணிலிருந்தே சொல்லக்கூடிய பதில் இது.

அறிகுறி: டி.ஏ.பி. போட்டும் இலை ஊதாவாக இருக்கிறது

ஊதா, கீழ் இலைகளின் நுனியிலும் விளிம்பிலும் தொடங்கினால் மணிச்சத்துப் பட்டினி. ஆனால் உடனே இன்னொரு மூட்டை வாங்காதீர்கள். செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். தண்ணீர் தேங்கி வேர் அழுகியிருக்கலாம், புழு கடித்திருக்கலாம், மார்கழிக் குளிரில் வேர் சுணங்கியிருக்கலாம். புதிதாக வரும் இலை பச்சையாக வந்தால் செடி தானே மீண்டுவிடும். தலைவாசல் விவசாயியின் கொல்லையில் நடந்தது அதுதான்: தாழ்வான இரண்டு பாத்திகளில் மட்டும் ஊதா. வடிகால் வெட்டச் சொன்னேன். வேறொன்றும் போடச் சொல்லவில்லை.

வேர் நன்றாக இருந்தால் மண்ணைச் சோதியுங்கள். சமவெளியின் சுண்ணாம்பு மண்ணில் கால்சியமும், மலையின் சிவந்த அமில மண்ணில் இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைப் பூட்டிவைக்கும். சேர்வராயன் மலையுச்சிகளில் பாக்சைட், அதாவது அலுமினியத் தாது, படிந்திருக்கிறது. அந்த மண் மணிச்சத்தை எவ்வளவு கொடுத்தாலும் விழுங்கும். ஆய்வகத்தில் மலை மண்ணுக்கு பிரே முறையும் சமவெளி மண்ணுக்கு ஓல்சன் முறையும் பயன்படுத்தினார்களா என்று கேளுங்கள். மாற்றிப் போட்டால் எண் பொய் சொல்லும்.

பூட்டைத் திறக்க மலையில் டோலமைட் இட்டு அமிலத்தைக் குறையுங்கள். மலை மண்ணில் பாறைப் பாஸ்பேட்டும் மெல்லக் கரைந்து பயன்படும். சமவெளிச் சுண்ணாம்பு மண்ணில் அது கல்லாகவே கிடக்கும். இரண்டு இடத்திலும் உரத்தை வீசி இறைக்காமல், விதைக்கு அருகே பக்கவாட்டில், மண்ணுக்குள் வையுங்கள். தொழுவுரத்தோடு பாஸ்போபாக்டீரியா கலந்து இடுவது, பூட்டப்பட்ட பழைய இருப்பில் ஒரு பங்கைத் திறக்கும்.

அறிகுறி: மண் அறிக்கையில் மணிச்சத்து மிகுதி, மரவள்ளியின் இளந்தளிர் வெளுக்கிறது

ஓல்சன் முறையில் எக்டேருக்கு 22 கிலோவுக்கு மேல் இருந்தால் அதிகம் என்று தமிழ்நாட்டில் கணக்கிடுகிறார்கள். ஆண்டுதோறும் பழக்கத்தில் டி.ஏ.பி. போட்டவர்களின் நிலங்களும், நாமக்கல் பக்கத்துக் கோழி எருவைத் தொடர்ந்து இறைத்த நிலங்களும் இந்த எல்லையைத் தாண்டியிருப்பதைப் பார்க்கிறேன். பயிர் கேட்கும் தழைச்சத்து முழுவதையும் கோழி எருவிலேயே கொடுத்தால், மணிச்சத்து தேவைக்கு மேல் குவிந்துவிடும்.

மிகுந்த மணிச்சத்து துத்தநாகத்தைப் பயிருக்குக் கிடைக்கவிடாது. மரவள்ளி, தன் வேரோடு கூட்டுவாழ்க்கை நடத்தும் வேர்ப்பூசணத்தைப் பெரிதும் நம்பியிருக்கும் பயிர். மண்ணில் மணிச்சத்து தாராளமாக இருந்தால் அந்தப் பூசணமும் குறையும். இரண்டு மூன்று பருவத்துக்கு டி.ஏ.பி.-யை முழுவதும் நிறுத்திவிட்டு யூரியாவும் பொட்டாஷும் மட்டும் இடுங்கள். விளைச்சல் குறையாது, ஏனென்றால் மண்ணில் இருப்பு இருக்கிறது. துத்தநாக சல்பேட்டைத் தனியாக, அரை விழுக்காடு கரைசலாகத் தெளியுங்கள். டி.ஏ.பி.-யோடு கலந்தால் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துப் படிந்துவிடும். சுண்ணாம்பு மண்ணில் வெளுப்புக்கு இரும்புப் பற்றாக்குறையும் காரணமாகலாம். சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் இலையைக் காட்டி உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அறிகுறி: மழை பெய்தால் மலை ஓடை சிவப்பாக ஓடுகிறது

காப்பித் தோட்டக்காரர்கள் இதை இயல்பென்று விட்டுவிடுகிறார்கள். ஓடும் சிவப்பு, இரும்பும் அதோடு ஒட்டிய மணிச்சத்தும். ஓடையில் இருக்கும்வரை அது பூட்டியே இருக்கும். கீழே ஒரு குளத்திலோ ஏரியிலோ படிந்து, அடியில் ஆக்சிஜன் தீரும் கோடையில்தான் இரும்பு கைவிடும். மலையில் போட்ட உரம் பல மாதம் கழித்து அடிவாரத்தில் பாசியாக எழுவதற்கு இந்தத் தாமதமே காரணம். இரண்டையும் யாரும் இணைத்துப் பார்க்காததற்கும் அதுதான் காரணம்.

நிழல் மரங்களின் சருகைக் கூட்டித் தள்ளாதீர்கள். சரிவுக்குக் குறுக்கே சம உயரக் குழிகள் வெட்டுங்கள். ஒவ்வொரு மழைக்குப் பின்னும் குழியில் தங்கிய மண்ணை எடுத்து மேல்வரிசைச் செடிகளின் தூரில் போடுங்கள். உரத்தை வடகிழக்குப் பருவமழை கொட்டும் வாரத்தில் தூவ வேண்டாம். ஓடையின் இருபுறமும் சில மீட்டர் அகலத்துக்குப் புல்லை வளரவிடுங்கள். பழம் கழுவிய நீரைத் தொட்டியில் தேக்கி, தெளியவைத்து, தோட்டத்துக்கே பாய்ச்சுங்கள், ஓடையில் விடாதீர்கள்.

எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால், சித்திரையில் முதல் கோடை மழை பெய்யும் நாளில் குடையோடு ஓடையின் ஓரமாக மேல்நோக்கி நடந்து போங்கள். நீர் எந்த வளைவுவரை தெளிவாக வருகிறது, எந்த வளைவில் சிவக்கிறது என்று பாருங்கள். இரண்டு இடத்திலும் ஒவ்வொரு புட்டி எடுத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு வளைவுகளுக்கும் இடையில் இருக்கும் துண்டு நிலத்தில்தான் முதல் குழியை வெட்ட வேண்டும்.